சவப்பெட்டிக்காரர் இளைத்த கதை

ஊரப்பாக்கத்தில் பொழுது விடிகிற நேரம். ரெயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். தொந்தியைக் கரைக்க நடக்கிறவர்கள் இன்னொரு பக்கம்.

நடக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பலரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். முதல் 5 கிலோ மளமளவென்று குறைந்தது. அடுத்த 3 கிலோ மெள்ளக் குறைந்தது. கடைசி 2 கிலோ மட்டும் அசைய மாட்டேன் என்கிறது! எடை பார்க்கும் எந்திரம் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. வெறுத்துப் போய், பழையபடி சோற்றைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு.

நினைத்த எடையை நெருங்க நெருங்க, இளைப்பது மெதுவாகிவிடுமா?

160 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் தம் உடம்பையே தராசில் நிறுத்தி, இதற்குக் கணக்கு எழுதி வைத்தார். அவர் டாக்டர் அல்ல. விஞ்ஞானியும் அல்ல. சவப்பெட்டி செய்து, சவ ஊர்வலம் நடத்திக் கொடுப்பது அவருடைய குடும்பத் தொழில்! அவர் பெயர் வில்லியம் பாண்டிங்.

அரண்மனை வேலை

பாண்டிங் 1796-ம் ஆண்டு பிறந்தார். லண்டன் மாநகரில் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் அவர்களுடைய கடை இருந்தது. மேஜை, நாற்காலி, கட்டில் போன்ற சாமான்களும் செய்வார்கள். இறந்தவர்களுக்கு இறுதி மரியாதை ஏற்பாடுகளும் செய்வார்கள். நாணயமான குடும்பம் என்று பெயர். அதனால் அரண்மனை வேலை அவர்களைத் தேடி வந்தது.

திப்பு சுல்தானை எதிர்த்து 1799-ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டவர் வெல்லிங்டன் பிரபு. பிறகு 1815-ம் ஆண்டு வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவரும் அவரே. அவர் 1852-ம் ஆண்டு இறந்தபோது சவ அடக்க ஏற்பாடுகளைச் செய்தது பாண்டிங் குடும்பம்தான். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் 1861-ம் ஆண்டு காலமானார். அந்த வேலையும் அவர்களிடமே வந்தது.

பணம் இருந்தது. மதிப்பு இருந்தது. ஆனால் பாண்டிங்குக்கு நிம்மதி இல்லை. காரணம், அவருடைய உடம்பு!

குனிய முடியவில்லை

முப்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு உடம்பு பெருக்க ஆரம்பித்தது. அப்பா வழியிலும் பருமனானவர்கள் இல்லை. அம்மா வழியிலும் இல்லை. அவர் சோம்பேறியும் அல்ல. பெருந்தீனிக்காரரும் அல்ல. ஆனாலும் வருடத்துக்கு வருடம் உடம்பு ஏறிக்கொண்டே போனது.

நண்பரான ஒரு டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். பாண்டிங் தினமும் காலையில் படகு துடுப்பு வலித்தார். உடம்புக்கு வலு வந்தது. கூடவே பசியும் வந்தது! பசித்ததால் சாப்பிட்டார். சாப்பிட்டதால் இன்னும் பெருத்தார். துடுப்பைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு கடற்கரைக் காற்று, கடல் குளியல், குதிரைச் சவாரி, மருந்துத் தண்ணீர், பட்டினி என்று ஒவ்வொன்றாக முயன்றார். நீராவிக் குளியல் மட்டும் ஏறக்குறைய தொண்ணூறு முறை குளித்தார். குறைந்தது 6 ராத்தல்தான். (ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.)

1862-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவருடைய எடை 202 ராத்தல். அதாவது 92 கிலோ. உயரமோ 5 அடி 5 அங்குலம். வயது 65.

குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியவில்லை. மாடிப்படியில் நேராக இறங்கினால் முழங்காலும் கணுக்காலும் தாங்கவில்லை. அதனால் பின்பக்கமாகத் திரும்பி, குழந்தை இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாக இறங்கினார். வண்டியில் ஏறினால் ஏளனப் பார்வை. கூட்டத்துக்குப் போனால் கேலிப் பேச்சு. நாட்டின் பெரிய மனிதர்களைக் கடைசிப் பயணத்துக்கு அனுப்பி வைத்த குடும்பத்தின் தலைவர், தெருவில் நடக்கவே கூசினார்.

இந்த வேதனை போதாதென்று காதும் மந்தமாயிற்று.

காது டாக்டர் சொன்ன வழி

காதைக் காட்டப் போன இடத்தில்தான் அவருக்கு வழி பிறந்தது. வில்லியம் ஹார்வி என்ற காது டாக்டர் அவரைப் பரிசோதித்தார். காதில் பெரிய நோய் இல்லை, உடம்பில் ஏறிய கொழுப்புத்தான் காதையும் அமுக்குகிறது என்று அவர் முடிவு செய்தார்.

பாரிஸ் நகரில் கிளாட் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கல்லீரலும் சர்க்கரையும் உடம்பில் எப்படி வேலை செய்கின்றன என்று சொற்பொழிவு செய்திருந்தார். அதை ஹார்வி கேட்டிருந்தார். அதை வைத்து யோசித்து, பாண்டிங்குக்கு ஒரு பத்தியம் சொன்னார்.

ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு. இந்த ஆறையும் கூடிய மட்டும் விட்டுவிட வேண்டும். இறைச்சி, மீன், காய்கறி, கொஞ்சம் பழம் சாப்பிடலாம். தேநீரில் பாலும் சர்க்கரையும் கூடாது.

பாண்டிங் திகைத்தார். ஏனென்றால் அந்த ஆறும்தான் அதுவரை அவருடைய ஆகாரம்! நம் வீட்டில் ஒருவரைப் பார்த்து இட்லி, சோறு, சர்க்கரை போட்ட காப்பி, முறுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு. ஆனால் பல வருட வேதனை அவரைப் பிடித்துத் தள்ளியது. ஒப்புக்கொண்டார்.

மூன்று வாரத்துக்கு ஒரு கணக்கு

பாண்டிங் வியாபாரி. வரவு செலவு எழுதிப் பழகியவர். எடையையும் அப்படியே தேதி போட்டு எழுதினார். பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை தராசில் ஏறினார். அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

1862 ஆகஸ்டு 26-ந் தேதி 202 ராத்தல். அக்டோபர் 19-ந் தேதி 193. எட்டு வாரத்துக்குள் 9 ராத்தல் போய்விட்டது.

டிசம்பர் 24-ந் தேதி 184. இதுவரை மூன்று வாரத்துக்குச் சராசரி 3 ராத்தல் வீதம் குறைந்தது.

1863 ஜனவரி பிறந்தது. வேகம் தளர்ந்தது. ஜனவரி 14-ந் தேதி 182. பிப்ரவரி 4-ந் தேதி 180. பிப்ரவரி 25-ந் தேதி 178. மார்ச் 18-ந் தேதி 176. மூன்று வாரத்துக்கு 2 ராத்தல்தான்!

வேறு ஒருவராக இருந்தால் இந்த இடத்தில் பத்தியத்தை முறித்திருப்பார். பாண்டிங் முறிக்கவில்லை. ஏப்ரல் 8-ந் தேதி தராசில் ஏறினார். 173! மீண்டும் 3 ராத்தல் இறங்கியிருந்தது. ஜூலை முதல் தேதி வரை ஒவ்வொரு மூன்று வாரமும் 3 ராத்தல் தவறாமல் குறைந்து 161-க்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் நம் ஊரப்பாக்கத்து நண்பர்கள் சொல்லும் கட்டம். ஜூலை 22-ந் தேதி 159. ஆகஸ்டு 12-ந் தேதி 157. ஆகஸ்டு 26-ந் தேதி 156. கடைசியாக செப்டம்பர் 12-ந் தேதி தராசில் ஏறினார். அப்போதும் 156! ஒரு ராத்தல்கூட அசையவில்லை. முதலில் மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று, கடைசியில் பூஜ்யம்.

மொத்தம் குறைந்தது 46 ராத்தல். அதாவது 21 கிலோ. அரிசிக் கடையில் 25 கிலோ சிப்பம் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டார்! நின்றுபோன இடம் 71 கிலோ. இன்றைய டாக்டர்கள் கணக்கில் அவர் உயரத்துக்கு இது ஒல்லியான எடை அல்ல. ஆனால் படியில் நேராக இறங்கினார். குனிந்தார். காதும் கேட்டது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஏன் மெதுவாகிறது?

பாண்டிங் காலத்தில் இதற்குக் காரணம் தெரியாது. இப்போது தெரியும்.

முதல் காரணம், தண்ணீர். நம் உடம்பு கொஞ்சம் மாவுச் சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அதனோடு தண்ணீரும் சேர்ந்து தங்கியிருக்கிறது. உணவைக் குறைத்ததும் முதலில் இந்தச் சேமிப்பு கரைகிறது. தண்ணீரும் வெளியேறுகிறது. அதனால் முதல் சில நாட்களில் எடை வேகமாக இறங்குவதுபோல் தெரியும். அவ்வளவும் கொழுப்பு அல்ல.

இரண்டாவது காரணம், சுமை. மூட்டை ஏற்றிய வண்டிக்கு அதிக எண்ணெய் வேண்டும். மூட்டையை இறக்கினால் குறைந்த எண்ணெயே போதும். உடம்பும் அப்படித்தான். 92 கிலோ உடம்பு நடக்கவும், நிற்கவும், மூச்சு விடவும் செலவிடும் சக்தியை 71 கிலோ உடம்பு செலவிடாது. ஆரம்பத்தில் எடையைக் குறைத்த அதே சாப்பாடு, கடைசியில் எடையைக் கட்டிக் காக்கத்தான் சரியாக இருக்கும். வரவும் செலவும் சமமாகிவிட்டன என்று அர்த்தம்.

மூன்றாவது காரணம், சிக்கனம். சாப்பாடு குறைந்தால், பஞ்சம் வந்துவிட்டது என்பதுபோல உடம்பு தன் செலவைச் சுருக்குகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 1944, 1945-ம் ஆண்டுகளில் இதைச் சோதித்தார். 36 வாலிபர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அரை வயிற்றுக்குத்தான் சாப்பாடு. அவர்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. முதலில் வேகமாக, வரவர மெதுவாக! அவர்களுடைய உடம்பு செலவிட்ட சக்தியும் வெகுவாகக் குறைந்திருந்தது. குளிரில் நடுங்கினார்கள். இரவும் பகலும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தார்கள்.

2011-ம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹாலும் அவர் குழுவினரும் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். தினமும் ஒரே அளவு உணவைக் குறைத்துக்கொண்டே வந்தால், குறைய வேண்டிய எடையில் பாதி குறைவதற்கு ஒரு வருடம் ஆகும். ஏறக்குறைய முழுவதும் குறைய 3 வருடம் ஆகும். முதல் பாதிக்கு ஒரு வருடம், மறு பாதிக்கு இரண்டு வருடம் என்றால், மெதுவாவது இயற்கை என்று தெரிகிறது அல்லவா?

இன்னொன்றும் உண்டு. உப்பு, தண்ணீர், மலச்சிக்கல் ஆகியவற்றால் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறும், இறங்கும். குறைவது வாரத்துக்குக் கால் கிலோ என்று ஆகும்போது, இந்த ஏற்ற இறக்கம் அதை மறைத்துவிடுகிறது. தினம் மூன்று முறை எடை பார்ப்பவர் ஏமாறுகிறார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பார்த்த பாண்டிங் ஏமாறவில்லை.

ஊர் சிரித்தது, உலகம் படித்தது

தான் பெற்ற நன்மையை மற்றவர்களும் பெறட்டும் என்று பாண்டிங் நினைத்தார். 1863-ம் ஆண்டு, பொதுமக்களுக்கு ஒரு கடிதம்போல, உடற்பருமன் பற்றிச் சிறு புத்தகம் எழுதினார். சொந்தச் செலவில் அச்சடித்து, முதலில் இலவசமாகவே கொடுத்தார்.

டாக்டர்கள் பலருக்குக் கோபம் வந்தது. வைத்தியம் படிக்காத ஒரு சவப்பெட்டிக்காரர் ஊருக்கு வைத்தியம் சொல்வதா என்று கேலி செய்தார்கள். ஆனால் ஜனங்கள் புத்தகத்தைத் தேடித் தேடிப் படித்தார்கள். பதிப்புக்கு மேல் பதிப்பு வந்தது. அவர் பெயரே ஒரு சொல்லாகிவிட்டது. இளைப்பதற்காகப் பத்தியம் இருப்பதை ஆங்கிலத்தில் அவர் பெயரால் சொன்னார்கள். சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் அதற்கு அவர் பெயரிலிருந்து வந்த சொல்தான் வழங்குகிறது.

பாண்டிங் பழைய பருமனுக்குத் திரும்பவில்லை. 1878-ம் ஆண்டு மார்ச் மாதம் 81-வது வயதில் காலமானார். 65 வயதில் படி இறங்கத் தவித்தவர், அதற்குப் பிறகு 15 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

நாம் என்ன செய்வது?

பாண்டிங் சாப்பிட்டதை அப்படியே நாம் சாப்பிட வேண்டியதில்லை. அவருடைய பத்தியத்தில் இறைச்சியும் ஒயினும் தாராளமாக இருந்தன. அது அந்த நாட்டு வழக்கம். நம் வீட்டில் செய்யக்கூடியது வேறு. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, காயையும் கீரையையும் ஒரு கரண்டி கூட்டலாம். பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் இயன்றதைச் சேர்க்கலாம். காப்பியில் சர்க்கரையைக் குறைக்கலாம். நடையை விடாமல் நடக்கலாம். நடையோடு கை கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேர்ந்தால் தசை கரையாமல் இருக்கும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் சோற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் மயக்கம் வரும். டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கடைசி 2 கிலோ அசையவில்லையா? மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். பாண்டிங்குக்கு ஜனவரி மாதம் தளர்ந்த வேகம் ஏப்ரலில் திரும்பி வந்தது. அதன் பிறகும் அசையாவிட்டால், பட்டினி கிடக்க வேண்டாம். முதல் நாள் ஏற முடியாமல் தவித்த மேம்பாலப் படியில் இப்போது மூச்சு வாங்காமல் ஏறுகிறீர்களா என்று பாருங்கள். ஏற முடிந்தால், வந்த இடம் நல்ல இடம்தான்! இனி அந்த எடையைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை.