வாவியின் இரு கரைகளும் டேவிட் ரிக்கார்டோவும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. அங்கே நெல்லும் தயிரும். இங்கே காத்தான்குடியின் கைத்தறிப் புடைவையும் கடைத்தெருவும். தோணியிலும், பாதை எனப்படும் மிதவையிலும் பண்டங்கள் கரை மாறின. இத்தகைய பண்டமாற்றின் நன்மையைக் கணக்கிட்டுக் காட்டியவர், வாவியைக் கண்டிராத டேவிட் ரிக்கார்டோ ஆவார்.

1772 இல் இலண்டனில், ஒல்லாந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 14 வயதில் தந்தையின் பங்குத் தரகுத் தொழிலில் சேர்ந்தார். 21 வயதில் கிறிஸ்தவப் பெண்ணொருவரை மணந்தமையால் குடும்பத்தினரால் விலக்கப்பட்டார். தனித்து நின்று பெருஞ்செல்வம் ஈட்டினார். 1799 இல் தற்செயலாக அடம் சிமித்தின் நூலைப் படித்ததே அவரைப் பொருளியலின்பால் திருப்பியது.

1817 இல் வெளியான தமது நூலில் அவர் காட்டிய உதாரணம் எளிமையானது. குறித்த அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பும், திராட்சை மதுவுக்கு 120 பேரின் உழைப்பும் தேவை. போர்த்துக்கல்லில் துணிக்கு 90, மதுவுக்கு 80. இரண்டிலும் போர்த்துக்கல்லே கைதேர்ந்தது. எனினும் இங்கிலாந்து துணியை மட்டும், போர்த்துக்கல் மதுவை மட்டும் இருமடங்கு செய்து ஒன்றுக்கொன்று மாற்றினால், முன்னைய நாட்டில் 20 பேரினதும் பின்னைய நாட்டில் 10 பேரினதும் உழைப்பு மீதமாகும். (மதுவுக்குப் பதில் நெல் என வாசகர் கொண்டாலும் கணக்கு மாறாது.) இதுவே ஒப்பீட்டு நன்மை. ஆனால் அந்த இலாபம் எந்த விலையில், எவ்வாறு பங்கிடப்படும் என்பதை அவர் தீர்த்து வைக்கவில்லை. இடைத்தரகரிடம் நெல் விற்கும் விவசாயிக்கு அது சிறிய வினா அன்று.

ரிக்கார்டோ பெரும் நிலவுடைமையாளராகவும் இருந்தார். ஆயினும் வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்து நிலவுடைமையாளரை வாழவைத்த 1815 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தார். 1819 இல் நாடாளுமன்றம் புகுந்து அங்கும் வாதிட்டார். சமயக் கருத்துக்காக எவரையும் தண்டிக்கலாகாது என்று 1823 இல் பேசியவர், அவ்வாண்டு செப்டெம்பரில் 51 வயதில் காலமானார். தானியச் சட்டம் நீங்கியது 1846 இல்தான்.

வாவிக்கரையில் வழியடைத்தது சட்டமன்று, குருதி. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதோரும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவரும் கொல்லப்பட்டனர். முஸ்லிம்கள் படுவான்கரையிலிருந்த தம் வயலுக்குச் செல்ல இயலவில்லை. தமிழர் காத்தான்குடிக் கடைத்தெருவுக்குச் செல்ல அஞ்சினர். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், மற்றவர் கடையில் வாங்காதீர் என்ற குரல் மீண்டும் எழுந்தது. அக்குரலுக்குச் செவிசாய்த்தவரும் தம் புடைவையை எங்கேனும் வாங்கியே தீரவேண்டியிருந்தது, பெரும்பாலும் கூடிய விலைக்கு.