கீழ் எண்ணைக் கேட்டறிந்த மருத்துவர்: நிகோலாய் கொரோட்கோவ்

இரத்த அழுத்தம் 120/80 என்பதுபோல் இரண்டு எண்களாகக் குறிக்கப்படுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இதயம் சுருங்கி இரத்தத்தை உந்தும்போது தமனிகளில் எழும் அழுத்தமே மேல் எண். இதயம் தளர்ந்திருக்கும் இடைவேளையில் எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். இதனை டயஸ்டாலிக் அழுத்தம் என்பர். இந்தக் கீழ் எண்ணை எளிதில் அறிய வழிகாட்டியவர் ருஷ்ய அறுவை மருத்துவர் நிகோலாய் கொரோட்கோவ்.

அவர் 1874இல் கூர்ஸ்க் நகரில் வணிகர் குடும்பமொன்றில் பிறந்தார். 1898இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ருஷ்ய ஜப்பானியப் போரின்போது ஹார்பினில் பணியாற்றுகையில், இரத்தக்குழாய் சேதமுற்ற வீரர்கள் பலரைக் கண்டார். தமனியைக் கட்டிவிட்டால் அந்தக் கையோ காலோ பிழைக்குமா என்பதே அவரை வாட்டிய கேள்வி. விடை தேடி, தமனிகளின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கலானார்.

கையில் கட்டும் காற்றுப்பட்டையை இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896லேயே அறிமுகப்படுத்தியிருந்தார். ஆயினும் விரலால் நாடியைத் தொட்டே அளந்தமையால் மேல் எண் மட்டுமே தெரிந்தது. பட்டையைத் தளர்த்தும்போது முதல் ஒலி கேட்குமிடம் மேல் எண், ஒலி மறையுமிடம் கீழ் எண் என்று கொரோட்கோவ் கண்டார். 1905இல் பீட்டர்ஸ்பர்க் இராணுவ மருத்துவக் கழகத்தில் அவர் அளித்த அறிக்கை ஒரு பக்கம்கூட இல்லை! பின்னர் சைபீரியத் தங்கச் சுரங்கப் பகுதியில் மருத்துவராக இருந்தார். 1920இல் தமது 46ஆம் வயதில் காலமானார்.

ஒலி மறையுமிடத்தைக் காதால் கேட்டு அறிவதால் பிழை நேரலாம். ஸ்டெதாஸ்கோப்பை அழுத்திப் பிடித்தால் கீழ் எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். கர்ப்பிணிகள் சிலருக்கு ஒலி பூச்சியம் வரையிலும் மறைவதில்லை. வீட்டில் பயன்படுத்தும் மின்னணுக் கருவியோ ஒலியைக் கேட்பதில்லை; பட்டையில் உணரும் அதிர்விலிருந்து எண்ணைக் கணக்கிடுகிறது. எனவே ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்தபின் மீண்டும் அளந்து பாருங்கள்.

கீழ் எண் 60க்குக் குறைந்தால் பொதுவாகத் தாழ்வு எனக் கொள்வர். இளம் வயதினர் பலருக்கு அது இயல்பே. முதுமையில் பெருந்தமனி விறைப்பதால் மேல் எண் உயர்ந்தும் கீழ் எண் தாழ்ந்தும் இருப்பதுண்டு. நீரிழப்பு, கடும் தொற்று, பெருந்தமனி வால்வுக் கசிவு, மாத்திரையின் அளவு ஆகியவையும் காரணமாகலாம். இதயத் தசைக்குரிய இரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் வேளையிலேயே பாய்வதால், இதயநோய் உள்ளவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டும்.

கீழ் எண் 55 என்று கண்டதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, மேல் எண் 180ஐத் தாண்டிய நிலையில் வருகின்ற முதியோரை நாங்கள் காண்கிறோம். அவ்வாறு செய்யாதீர்கள், இரண்டு எண்களையும் ஒரு வாரம் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் ஒரு வாரம் காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.