2.6 சதவீத ஓட்டு வாங்கிய ஹிட்லர், 5 வருடத்தில் ஜெர்மனியைப் பிடித்தது எப்படி?

ஹிட்லர் துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடித்தார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒருமுறை அப்படி முயற்சி செய்து, தோற்று, ஜெயிலுக்குத்தான் போனார். இன்னும் சிலர், மக்கள் மொத்தமாக ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்ததாகச் சொல்வார்கள். சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் அவரது கட்சி பாதி ஓட்டைத் தொடவே இல்லை. அப்புறம் எப்படி?

யார் இந்த ஹிட்லர்?

1889 ஏப்ரல் 20-ல் ஆஸ்திரியாவில் ஒரு சுங்க அதிகாரியின் மகனாகப் பிறந்தவர் அடால்ஃப் ஹிட்லர். ஓவியர் ஆவதுதான் ஆசை. ஆனால் வியன்னா நுண்கலை அகாடமி இரண்டு முறை அவரை நிராகரித்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டார். 1918-ல் ஜெர்மனி தோற்ற செய்தி வந்தபோது, விஷவாயுவால் பார்வை பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அடுத்த வருடம் மியூனிக் நகரில் ஒரு குட்டிக் கட்சியில் சேர்ந்தார். மேடைப் பேச்சு கைகொடுக்க, 1921-ல் தலைவரானார். அதுதான் நாஜிக் கட்சி. போரில் தோற்றதற்கு யூதர்களும் இடதுசாரிகளும்தான் காரணம் என்று மேடைக்கு மேடை பழி போட்டார்.

முதல் முயற்சி தோல்வி

1923-ல் ஜெர்மனி பணம் வெறும் காகிதமானது. நவம்பரில் ஒரு டாலர் வாங்க 4.2 லட்சம் கோடி மார்க் தேவைப்பட்டது. ஆயுசு முழுக்கச் சேர்த்த பணத்தில் ஒரு ரொட்டி கூட வாங்க முடியாத நிலை. அந்த நேரம் பார்த்து மியூனிக்கில் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றார் ஹிட்லர். போலீஸ் சுட்டது, கூட்டம் சிதறியது. தேசத்துரோக வழக்கில் 5 ஆண்டு தண்டனை. ஆனால் 1924 டிசம்பரிலேயே வெளியே வந்துவிட்டார்.

அதற்குள் நிலைமை மாறியிருந்தது. புது கரன்சி, அமெரிக்கக் கடன் என ஜெர்மனி கொஞ்சம் மூச்சுவிட்டது. அதே ஹிட்லர், அதே பேச்சு, ஆனால் கேட்கத்தான் ஆள் இல்லை.

புரட்டிப்போட்ட 1929

அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்ததும், கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டார்கள். ஜெர்மனியில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 1932 தொடக்கத்தில் வேலை இல்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அரசோ சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டியது. நாடாளுமன்றம் முடங்கி, ஜனாதிபதியின் அவசர ஆணைகளில் ஆட்சி ஓடியது. நாஜிகளின் ஓட்டு எப்படி ஏறியது பாருங்கள்:

* 1928 மே: 2.6%, 12 இடங்கள்
* 1930 செப்டம்பர்: 18.3%, 107 இடங்கள்
* 1932 ஜூலை: 37.3%, 230 இடங்கள்
* 1932 நவம்பர்: 33.1%, 196 இடங்கள்

கடைசி வரியைக் கவனியுங்கள். ஓட்டு குறைய ஆரம்பித்துவிட்டது!

கதவைத் திறந்தது யார்?

அந்த நவம்பர் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 221 இடங்கள் வைத்திருந்தார்கள். அதாவது நாஜிகளை விட அதிகம். ஆனால் இரண்டு கட்சிகளும் ஒன்றை ஒன்று எதிரியாகப் பார்த்தன.

இன்னொரு பக்கம், முன்னாள் பிரதமர் பாப்பன் ஒரு கணக்குப் போட்டார். ஹிட்லரைப் பிரதமராக உட்கார வைத்து, அவருடைய கூட்டத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதுதான் அது. தயங்கிய ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கையும் சம்மதிக்க வைத்தார். 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பிரதமர். அமைச்சரவையில் அவரோடு சேர்த்து நாஜிகள் 3 பேர்தான். கடிவாளம் தங்கள் கையில் இருப்பதாக மற்றவர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை 2 மாதம் கூட நீடிக்கவில்லை. பிப்ரவரி 27-ல் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே பேச்சுரிமை உட்பட அடிப்படை உரிமைகள் ரத்து. கம்யூனிஸ்டுகள் கைது. மார்ச் 23-ல், நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போடும் அதிகாரம் ஹிட்லருக்குக் கிடைத்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டது சமூக ஜனநாயகக் கட்சியின் 94 பேர் மட்டும். ஜூலையில் நாட்டில் ஒரே கட்சிதான். துணைப் பிரதமராக இருந்த பாப்பனும் 1934-ல் ஓரங்கட்டப்பட்டார்.

அதன் விலை?

இரண்டாம் உலகப் போர். சுமார் 60 லட்சம் யூதர்கள் படுகொலை. 1945 ஏப்ரல் 30-ல் பெர்லின் பதுங்கு அறையில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டபோது, அந்த நகரமே இடிபாடாகக் கிடந்தது.

நெருக்கடி வந்த எல்லா நாட்டிலும் ஹிட்லர் வரவில்லை. ஜெர்மனியில் பசியும் பயமும் அவருக்கு ஓட்டைக் கொடுத்தன. நாற்காலியைக் கொடுத்தது, அவரைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்த அரசியல்வாதிகள்.