மருந்தை மக்களிடம் சேர்த்த அறிஞர் ஹோவர்டு ஃப்ளோரி

பெனிசிலின் என்றதும் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் பெயரே நம் நினைவுக்கு வரும். 1928ஆம் ஆண்டு லண்டனில், பூஞ்சைக் காளான் ஒன்று பாக்டீரியாக்களை அழிப்பதைக் கண்டவர் அவர். ஆயினும், அக்காளானின் சாற்றை மருந்தாக்கி நோயாளியின் படுக்கை வரை கொண்டு சேர்த்த பெருமை ஹோவர்டு ஃப்ளோரிக்கும் அவர்தம் குழுவினருக்கும் உரியது. கண்டறிவது ஒரு பணி. கண்டதைப் பயன்படச் செய்வது மற்றொரு பெரும்பணி. இவ்வுண்மைக்கு ஃப்ளோரியின் வாழ்க்கையே சான்று.

இளமையும் கல்வியும்

ஃப்ளோரி 1898ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிறந்தார். அங்கே மருத்துவம் பயின்றபின், ரோட்ஸ் உதவித்தொகை பெற்று இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றார். 1935இல் அப்பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் பேராசிரியரானார். ஹிட்லர் ஆட்சியின் காரணமாக ஜெர்மனியை விட்டு வெளியேறிய வேதியியல் அறிஞர் எர்னஸ்ட் செயினும், கைத்திறன் மிக்க நார்மன் ஹீட்லியும் அவருக்குத் துணையாயினர்.

ஆய்வும் துயரமும்

1940ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், கொடிய கிருமிகள் செலுத்தப்பெற்ற எட்டு எலிகளுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் தரப்பட்டது. மருந்து பெறாத நான்கும் விடிவதற்குள் மாண்டன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. போர்க்காலமாதலின் கருவிகள் கிடைப்பது அரிதாயிற்று. நோயாளிகளின் கழிகலங்களில்கூடக் காளானை வளர்த்தனர்.

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலர், முகத்தில் தொடங்கிய சீழ்த்தொற்று உடலெங்கும் பரவி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். பெனிசிலின் செலுத்திய சில நாள்களில் காய்ச்சல் தணிந்தது, பசியும் திரும்பியது. அந்தோ! மருந்து தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தியும் போதவில்லை. மார்ச் 15ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். மருந்து தோற்கவில்லை, அதன் அளவே போதவில்லை.

ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு

இங்கிலாந்தின் ஆலைகள் போர்ப்பணியில் மூழ்கியிருந்தன. எனவே 1941 ஜூலையில் ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்றனர். பியோரியா நகரின் அரசு ஆய்வகத்தில், மக்காச்சோள ஆலைகளில் எஞ்சும் ஊறல் நீரில் வளர்த்தபோது காளான் பன்மடங்கு மருந்தைச் சுரந்தது. அந்நகரச் சந்தையில் கிடைத்த முலாம்பழத்தில் மேலும் வளமான காளான் இனம் கண்டெடுக்கப்பட்டது. மெர்க், ஸ்குவிப், ஃபைசர் முதலிய நிறுவனங்கள் உற்பத்தியில் இறங்கின. 1944 ஜூனில் நேசநாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது, காயமுற்ற வீரர்களுக்கு வேண்டிய பெனிசிலின் கைவசம் இருந்தது. 1945இல் ஃபிளெமிங், செயின் ஆகியோருடன் ஃப்ளோரி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காப்புரிமை பெறவேண்டுமெனச் செயின் வற்புறுத்தினார். மருத்துவ ஆராய்ச்சியில் அது முறையன்று எனப் பிரிட்டிஷ் அறிவியல் தலைவர்கள் மறுத்தனர். பின்னர் உற்பத்தி முறைகளுக்கு அமெரிக்கர்களே காப்புரிமை பெற்றனர்.

மீண்டும் ஒரு போர்

கிருமிகளும் வாளா இருக்கவில்லை. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியொன்றை ஆக்ஸ்ஃபோர்டு குழுவினரே 1940இல் கண்டறிந்திருந்தனர். 1948 அளவில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் எடுக்கப்பட்ட ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளுள் பாதிக்கு மேற்பட்டவை பெனிசிலினுக்குப் பணியவில்லை. நோய் தீர்க்கும் இல்லமே நோய் பரப்பும் இடமாயிற்று. அவ்வாண்டிலேயே சார்டினியாத் தீவின் பேராசிரியர் புரோட்சு, கழிவுநீர் கடலில் கலக்குமிடத்தில் தாம் கண்ட காளானை ஃப்ளோரிக்கு அனுப்பினார். அதிலிருந்து ஆபிரகாமும் நியூட்டனும் பிரித்தெடுத்த செஃபலோஸ்போரின் சி, அந்நொதிக்கு அசையாது நின்றது. இம்முறை காப்புரிமை பெறப்பட்டது. அதன் வருவாயின் ஒரு பகுதி ஆய்வுக்கு அறக்கொடையாயிற்று.

1968 பிப்ரவரி 21ஆம் நாள் ஃப்ளோரி மறைந்தார். அவர் எதிர்கொண்ட சிக்கல் மறையவில்லை. புதிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை மருத்துவர் கடைசிக் கருவியாகச் சேமித்து வைக்கவேண்டும். நோயாளியும் அதனைச் சில நாள்களே உட்கொள்வார். ஆகவே விற்பனை குறைவு, இலாபமும் குறைவு. மருத்துவமனைத் தொற்றுகளுக்குக் காரணமான கிருமிகளை எதிர்க்கும் பிளாசோமைசினை உருவாக்கிய அக்கேயோஜன் நிறுவனம், 2018இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றும் மறு ஆண்டே திவாலாயிற்று.

நல்ல மருந்து பிறந்தால் மட்டும் போதாது. அதனை ஆக்குவோரும் வாழவேண்டும், அளவறிந்து பயன்படுத்துவோரும் வேண்டும். மருந்து போதாமையால் ஓர் உயிர் பிரிந்ததைக் கண்ட ஃப்ளோரி, சோர்ந்து அமராமல் கடல் கடந்து சென்றார். மருத்துவமும் அறிவியலும் பயிலும் மாணவச் செல்வங்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டியது அப்பயணமேயாகும்.