ஒற்றைக் கையால் வானத்தை அகலத் திறந்தவர்

நம் கேட்டில் இருக்கும் காவலரின் கையில் டார்ச் உண்டு; தலைக்கு மேலே சிசிடிவி கேமராவும் உண்டு. ஓர் இடத்தை உற்றுப் பார்க்க டார்ச் போதும். ஆனால் யார், எப்போது, எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று தெரியாதபோது கேமராதான் கைகொடுக்கும். வானத்துக்கும் இதே கணக்குத்தான். எரிநட்சத்திரம் ஒன்றிரண்டு விநாடிகளில் கோடிழுத்து மறைந்துவிடும். தொலைதூரத்தில் ஒரு விண்மீன் வெடித்தால் சில வாரங்கள் ஒளிர்ந்துவிட்டு மங்கிவிடும். எங்கே நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. எனவே அகலமாகப் பார்க்க வேண்டும். அதே சமயம் தெளிவாகவும் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தந்தவர் பெர்னார்ட் ஷ்மிட்.

இவர் பிறந்தது 1879இல், எஸ்டோனியாவின் தாலின் நகருக்கு அருகிலுள்ள நைசார் என்ற சிறு தீவில். அன்று அது ரஷ்யப் பேரரசின் பகுதி. சிறுவயதிலேயே எதையாவது செய்து பார்க்கும் ஆர்வம் அதிகம். 15 வயதில் ஓர் இரும்புக் குழாயில் வெடிமருந்தைத் திணித்துச் சோதித்தபோது அது வெடித்து, வலது கையை இழந்தார். அதோடு முடங்கிப் போகவில்லை. தந்தி அலுவலகத்திலும் புகைப்படத் தொழிலிலும் வேலை பார்த்தார். பிறகு ஜெர்மனியின் மிட்வைடா நகருக்குப் படிக்கச் சென்று, அங்கேயே தொலைநோக்கிக்கான கண்ணாடிகளைத் தேய்த்து விற்கத் தொடங்கினார்.

கண்ணாடி தேய்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் விண்மீனின் படம் கலங்கிவிடும். ஷ்மிட் இதை ஒற்றைக் கையால், பெரும்பாலும் தனியாகவே செய்தார். பெரிய வானாய்வகங்கள்கூட அவரிடம் கண்ணாடி வாங்கின. முதல் உலகப் போர் அந்தத் தொழிலைக் குலைத்தது. ரஷ்யக் குடிமகன் என்பதால் ஜெர்மனியில் அவர் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டார். போருக்குப் பின் வந்த பணவீக்கம் மிச்சத்தையும் கொண்டுபோனது.

1926இல் ஹாம்பர்க் நகரின் பெர்கெடார்ஃப் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். இயக்குநர் ரிச்சர்ட் ஷோர் அவருக்குப் பட்டறை வசதி செய்து தந்தார். நிரந்தர வேலை கிடையாது. ஷ்மிட் தன் மனம் சொல்லும்போதுதான் வேலை செய்வார். யோசிக்க வேண்டுமென்றால் நாள்கணக்கில் கருவியைத் தொடமாட்டார்.

அப்போது வானியலாளர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. தொலைநோக்கிகளில் வழக்கமாக இருந்தது பரவளைய வடிவக் கண்ணாடி. அது படத்தின் நடுவில் விண்மீன்களைப் புள்ளியாகக் காட்டும். ஓரத்துக்குப் போகப்போக ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்துவிடும். கோள வடிவக் கண்ணாடிக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கலங்கலாகத்தான் காட்டும். எல்லா இடத்திலும் குறை ஒன்றே என்றால் மருந்தும் ஒன்றே போதுமே என்று யோசித்தார் ஷ்மிட். கண்ணாடியின் வளைவு மையத்தில், நுட்பமாக வடிவமைத்த ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்தால் கலங்கல் மொத்தமாக நீங்கிவிடும். 1929இல் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிலிப்பைன்ஸுக்குப் போன கப்பல் பயணத்தில், உடன் வந்த வானியலாளர் வால்டர் பாடேயிடம் இந்த யோசனையைப் பகிர்ந்துகொண்டார்.

அந்தத் தகட்டின் வடிவத்தைக் கையால் தேய்த்துக் கொண்டுவருவது மிகக் கடினம். ஷ்மிட் கண்டுபிடித்த வழி அழகானது. தகட்டை ஒரு பாத்திரத்தின் வாயில் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினார். தகடு லேசாக உள்வாங்கியது. அந்த நிலையிலேயே அதை எளிய வடிவத்துக்குத் தேய்த்துவிட்டுக் காற்றைத் திரும்ப விட்டார். தகடு நிமிர்ந்தபோது வேண்டிய வடிவம் தானாக வந்து நின்றது. 1930இல் முதல் ஷ்மிட் கேமரா தயாரானது. அதன் தகடு 36 செ.மீ. அகலம், கண்ணாடி 44 செ.மீ.

ஆனால் அதை வாங்க ஆள் வரிசையில் நிற்கவில்லை. ஷ்மிட் 1935 டிசம்பர் 1 அன்று, 56 வயதில், ஹாம்பர்க்கில் ஒரு மனநல மருத்துவமனையில் காலமானார்.

அதன் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. மறு ஆண்டே, 1936இல், அமெரிக்காவின் பாலோமர் மலையில் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி ஒரு ஷ்மிட் கேமராவை வைத்து வெடிக்கும் விண்மீன்களைத் தேடத் தொடங்கினார். 1950களில் நியூ மெக்ஸிகோவில் இரண்டு இடங்களில் 'சூப்பர் ஷ்மிட்' கேமராக்கள் எரிநட்சத்திரங்களுக்காகக் காத்திருந்தன. ஒரே எரிநட்சத்திரம் இரண்டு படத்திலும் விழுந்தால், அது எவ்வளவு உயரத்தில் எரிந்தது என்று கணக்கிடலாம். கேமராவுக்குள் சுழலும் தடுப்பு அந்த ஒளிக்கோட்டைத் துண்டு துண்டாக வெட்டும்; துண்டின் நீளத்திலிருந்து வேகம் தெரிந்துவிடும். செயற்கைக்கோள்களைப் பின்தொடர இதே வழியில் வடிவமைத்த பேக்கர்-நன் கேமராக்களில் ஒன்று நம் நாட்டில் நைனிடாலில் நிறுவப்பட்டது. வாணியம்பாடிக்கு அருகே காவலூரிலும் ஒரு ஷ்மிட் தொலைநோக்கி உண்டு. 1988இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

பாலோமரில் 1948இல் நிறுவிய 1.2 மீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி இன்றும் ஓயவில்லை. புதிய மின்னணுக் கேமரா பொருத்தி, 2018 முதல் இரவுதோறும் வானத்தைத் துழாவி வருகிறது. ஒரே படத்தில் இருநூறு முழு நிலவுகளுக்கு மேல் அடங்கும் பரப்பு அதில் விழுகிறது. நேற்றைய படத்தில் இல்லாத ஒளிப்புள்ளி இன்று இருந்தால், சில நிமிடங்களில் உலகெங்கும் செய்தி போய்விடும்.

தன் பெயரில் இத்தனை கண்கள் வானத்தைக் காவல் காப்பதை ஷ்மிட் பார்க்கவில்லை. ஆனால் நாம் அகலமாகப் பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. டிசம்பர் 13, 14 தேதிகளின் இரவில் ஜெமினிட்ஸ் எரிநட்சத்திரங்கள் உச்சத்தில் இருக்கும். மேகமில்லாவிட்டால், இரவு பத்து மணிக்கு மேல் மொட்டை மாடி விளக்குகளை அணைத்துவிட்டு, பாய் விரித்துப் படுத்து, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். செல்போனை எடுக்காமல் இருந்தால் போதும்.