ஏழு கடிகாரங்களைக் கழற்றிய சிறுமி



டார்ச் லைட்டையோ, ரேடியோவையோ கழற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் கிரேஸ் ஹாப்பர் உங்கள் கட்சிதான்!

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி பிறந்தவர் கிரேஸ். ஏழு வயதில் அவருக்கு ஒரு சந்தேகம். அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது? ஒன்றைக் கழற்றினார். மாட்டத் தெரியவில்லை. அதைப் பார்த்து மாட்டலாமே என்று இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே ஏழு கடிகாரங்களும் பல்சக்கரமும் திருகாணியுமாகக் கிடந்தபோதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. இனி ஒரே ஒரு கடிகாரத்தைத்தான் தொடலாம் என்று நிபந்தனை போட்டுவிட்டார் அம்மா.

இவ்வளவு ஆர்வம் உள்ளவர் எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். 16 வயதில் வாசர் கல்லூரியில் சேர முயன்றார். லத்தீன் மொழித் தேர்வில் மதிப்பெண் குறைந்ததால் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி முயன்று சேர்ந்தார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தன்னை முதலில் சேர்க்க மறுத்த அதே வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம், எடை குறைவு என்று தட்டிக்கழித்தார்கள். கணித ஆசிரியர் பணியே நாட்டுக்குத் தேவை என்றும் சொன்னார்கள். கிரேஸ் விடவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார்!

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த 'மார்க்-1' என்ற கணிப்பொறியில் அவருக்கு வேலை. 51 அடி நீளம், 8 அடி உயரம், சுமார் 5 டன் எடை! இரண்டு வகுப்பறைகளைச் சேர்த்தால்தான் அது கொள்ளும். ஆனால் ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல்தான் போடும்.

1947-ல் அதன் அடுத்த இயந்திரமான 'மார்க்-2' கோளாறு செய்தது. உள்ளே ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். கிரேஸ்தான் அதைப் பிடித்தார் என்று பலர் எழுதுவது தவறு. பிடித்தவர்கள் உடன் வேலை செய்தவர்கள். அந்தக் கதையை ரசித்துச் சொல்லி ஊரெங்கும் பரப்பியவர்தான் கிரேஸ்.

அவருடைய பெரிய சாதனை வேறு. அந்நாளில் கணிப்பொறிக்குக் கட்டளைகளை எண்களாகவே எழுத வேண்டும். ஒரே மாதிரியான கட்டளைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதும்போது ஒரு எண் மாறினால்கூட கணக்கே தப்பாகிவிடும். இந்தச் சலிப்பான வேலையைக் கணிப்பொறியையே செய்ய வைத்தால் என்ன என்று யோசித்தார். ஏற்கெனவே எழுதி வைத்த துண்டுக் கட்டளைகளைத் தானே தேடி எடுத்துக் கோர்க்கும் 'கம்பைலர்' என்ற புரோகிராமை 1952-ல் உருவாக்கினார். கணிப்பொறி கணக்கு மட்டும்தான் போடும் என்று நம்பியவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அவர் சோர்ந்துபோகவில்லை. ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதும் 'ஃப்ளோ-மேடிக்' மொழியைத் தன் குழுவோடு உருவாக்கினார். அதை அடிப்படையாக வைத்து, 1959-ல் பலர் கூடி வடிவமைக்கத் தொடங்கியதுதான் 'கோபால்' மொழி. நம் பக்கத்து வீட்டு கோபால் அல்ல, கணிப்பொறி கோபால்! பல வங்கிகளின் கணக்கு வழக்கை இன்றும் அதுதான் பார்த்துக்கொள்கிறது.

1966-ல், 60 வயதில், கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. அடுத்த ஆண்டே ஆறு மாத வேலைக்கு என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம், நடுவே சிறு இடைவெளியுடன், 1986 வரை நீண்டது! ரியர் அட்மிரல் என்ற உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. அதன்பின்னும் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் ஆலோசகராக இருந்தார். 1992 ஜனவரி 1-ந் தேதி காலமானார். அவர் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் 1997-ல் கடற்படையில் சேர்ந்தது.

கிரேஸ் நல்ல ஆசிரியரும்கூட. நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, என்றால் பலருக்குப் புரியாது. அந்த நேரத்தில் ஒளி போகும் தூரத்துக்கு வயரை வெட்டி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார். அது எவ்வளவு நீளம் தெரியுமா? ஏறக்குறைய உங்கள் பையில் இருக்கும் அடி ஸ்கேல் அளவுதான்! எடுத்துப் பாருங்களேன்.

அவர் அறைச் சுவரில் இடப்பக்கமாகச் சுற்றும் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. அதுவும் சரியான நேரத்தையே காட்டும். எப்போதும் இப்படித்தானே செய்கிறோம் என்ற சாக்கு அவருக்குப் பிடிக்காது. கடிகாரம் வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டுமா என்ன?

நீங்களும் கேள்வி கேளுங்கள். ஆனால் கழற்றுவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஒரு சமயத்தில் ஒரு கடிகாரம் போதும்!