டி. எஸ். வெங்கட்ராமன்

டி. எஸ். வெங்கட்ராமன் (ஜூன் 15, 1884 - ஜனவரி 18, 1963) தமிழ்நாட்டைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆவார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கலப்பு மகரந்தச் சேர்க்கை மூலம் புதிய கரும்பு இரகங்களை உருவாக்கியவர்.

பின்னணி

கரும்பு புல் குடும்பத் தாவரம். அதன் மகரந்தம் காற்றின் வழியே பரவுகிறது. வட இந்தியாவில் கரும்பு பூத்து வளமான விதை தருவது அரிது. கோயம்புத்தூரின் வெப்பமண்டலச் சூழலில் அது நன்கு பூக்கும். எனவே 1912 இல் இந்நிலையம் அங்கு தொடங்கப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வெங்கட்ராமன், அங்கு சார்லஸ் பார்பரின் உதவியாளராகப் பணியாற்றினார்.

பணிகள்

சாறு மிகுந்த தடித்த கரும்பு, குளிரையும் வறட்சியையும் எளிதில் தாங்குவதில்லை. காட்டுக் கரும்பில் இனிப்பு குறைவு, தாங்குதிறன் மிகுதி. வெள்ளை என்னும் கரும்பின் பூக்களுடன் காட்டுக் கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்துப் பெறப்பட்ட கோ 205, 1918 இல் வெளியிடப்பட்டுப் பஞ்சாபில் பயிரிடப்பட்டது. கோ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும்.

பார்பருக்குப் பின் நிலையத்தின் பொறுப்பை ஏற்ற இவர், 1942 வரை அப்பணியில் இருந்தார். இவரது காலத்தில் உருவான கோ 312 வட இந்தியாவிலும், கோ 419 தென்னிந்தியாவிலும் பரவின. இவ்வாறு, வடக்கில் எளிதில் விதை தராத பயிருக்குத் தெற்கில் நிகழ்ந்த மகரந்தச் சேர்க்கை புதிய இரகங்களை அளித்தது. தாவரவியலாளர் ஜானகி அம்மாளும் 1934 முதல் இந்நிலையத்தில் ஆய்வு செய்தார்.

சிறப்புகள்

- 1937 இல் இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவர்
- 1942 இல் சர் பட்டம்
- 1956 இல் பத்ம பூஷண் விருது